விபத்தில்லா நாட்கள்

நீயே ஜன்னல் பக்கம் உட்காரு கண்ணு. எனக்குக் காற்று முகத்தில் அடித்தால் காது அடைத்துக்கொள்ளும். காந்திபுரம் வரைக்குமா? நான் ஹோப் காலேஜில் இறங்கிவிடுவேன். பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன், உனக்கு இடிக்காது.

என்னது? பையை இப்படி முறுக்குகிறேனா? அது காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியதால் கண்ணு. கோபமா? சேச்சே. எனக்குக் கோபமே வராது. கருமத்தம்பட்டியில் எங்கள் கோயிலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார், மரியபுஷ்பம் குரல் உயர்த்திப் பேசி யாராவது கேட்டிருக்கிறார்களா என்று. என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் சொல்லுவார், "உனக்குக் கோபம் வர்றதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துரும்" என்று. பாவம், பென்ஷன் வருவதற்குள் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு பெண்ணைப் பார்க்கத்தான் போகிறேன். சென்னைக்காரி. சம்யுக்தா என்று பெயர். உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவளை நேருக்கு நேர் நிறுத்தி நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும். என் வீட்டுக்கு வந்தாயே, உன்னை என் மகள் மாதிரி உட்கார வைத்துப் பேசினேனே, கடைசியில் என் பையன் வயிற்றில் அடித்துவிட்டாயே, இது அடுக்குமா என்று கேட்க வேண்டும். அவளுக்காக ஜெபமாலையில் பத்து மணி, ஒரு தேவ இரகசியம் முழுக்க ஒப்புக்கொடுத்தேன் கண்ணு. சத்தியமாக. பாதி மணி உருட்டும்போது பல்லைக் கடித்துவிட்டேன், அது வேறு விஷயம். மாதா மன்னிக்கட்டும்.

முதலில் இருந்து சொல்கிறேன். கண்டக்டர் வந்தால் எனக்கும் சேர்த்துக் குரல் கொடு.

எனக்கு ரெண்டு பிள்ளைகள். மூத்தவள் ஜெசிந்தா. திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. இளையவன் கிளமெண்ட். மோட்டாருக்கு உள்ளே அடுக்கடுக்காகத் தகடு இருக்கும் பார், அந்தத் தகடு வெட்டுகிற கம்பெனியில் பிரஸ் மிஷினில் வேலை. பெரிய கம்பெனி. ஜெர்மனிக்கெல்லாம் போகிறது சரக்கு. கேட்டுக்குள் நுழைந்ததும் பச்சைக் கலரில் ஒரு போர்டு இருக்கும். 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே நம்பர். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு நம்பர் கூட்டி மாட்டுவார்கள். ஆயிரத்தைத் தொட்டால் வேலை செய்கிற எல்லார் வீட்டுக்கும் ஆளுக்கொரு குக்கர் என்று சொல்லியிருந்தார்கள். அஞ்சு லிட்டர். எங்கள் காலனி முழுக்க அந்தக் கம்பெனிதான் என்பதால் பொம்பளைகள் எல்லாரும் அந்த நம்பரை விசாரித்துக்கொண்டே இருப்போம், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி.

போன தவக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை மதியம், பிரஸ்ஸில் கிளமெண்ட்டுக்கு வலது கையில் ரெண்டு விரல் போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடு விரலும்.

ஐயோ, நீ ஏன் கண்ணு முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறாய். ஆண்டவர் கிருபை, கை தப்பியது. கையை உள்ளே விட்டால் மிஷின் நின்றுவிடுகிற மாதிரி ஒரு லைட்டு இருக்குமாம், அது கெட்டுப்போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று இவன் முன்னாடியே சொல்லிக்கொண்டிருந்தான். மாற்றுவார்கள் சாமி, கம்பெனி என்றால் ஆயிரம் வேலை இருக்கும் என்று நான்தான் சமாதானம் சொல்வேன்.

அன்றைக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்ட மாதிரி கூடப் பிறந்தவர்கள் பார்க்க மாட்டார்கள். மோகனரங்கம் சார் என்று ஒருத்தர். ஆட்களைக் கவனிக்கிற மேனேஜர். தங்கமான மனுஷர். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன், அவர் எனக்கு முன்னாடி அங்கே நிற்கிறார். பெரிய தனியார் ஆஸ்பத்திரி. தரை எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எனக்குச் செருப்பைக் கழற்றுவதா போட்டுக்கொள்வதா என்றே தெரியவில்லை.

"ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேண்டாமுங்கம்மா" என்றார். "அங்க போனா வரிசைல நின்னே விடிஞ்சுரும். நம்ம பையனை நம்ம செலவுலயே பார்த்துக்கலாமுங்க."

நம்ம பையன்! கேட்டாயா? எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராத்திரியே கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரில் ஏற்றும்போது சார் சொன்னார்: "காலைல இதே கார் வருமுங்க. கிளமெண்ட்டை அனுப்பி வெச்சுருங்க."

"வேலைக்குங்களா சார்?" என்றேன்.

"வேலை எதுக்குங்க? சும்மா ஏ.சி. ரூம்ல உட்கார்ந்திருக்கட்டும். சம்பளமும் பிடிக்க மாட்டோம், அட்டெண்டன்ஸும் கெடாது. வீட்டுல இருந்தா பையன் இதையே நெனச்சுட்டு இருப்பானில்லீங்க."

எந்த முதலாளி கண்ணு இப்படி நினைப்பான்? வேறு கம்பெனி என்றால், விரல் இல்லையா, போடா வெளியே என்பான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்கு ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. காலையில் கார் வந்து வாசலில் நிற்கிறது, அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்க்கிறது. இவன் எழுந்திருக்கவில்லை. "அம்மா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா. தலையைத் தூக்க முடியல. இன்னிக்கு ஒரு நாள் விட்டுரும்மா" என்கிறான். நான் விடவில்லை. "கார் வாசல்ல நிக்குது சாமி. இவ்வளவு பண்றவங்களுக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிரும். எந்திரிப்பா" என்று தலையை வாரிவிட்டு, ஒரு கைப் பக்கம் சட்டையைத் தொங்கவிட்டு, நானே பொத்தான் போட்டு, நானும் கூடவே காரில் ஏறிப் போனேன். போகும் வழியில் வாந்தி எடுத்துவிட்டான். துண்டால் துடைத்து, டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். புது சீட் கவர் பாவம்.

அங்கே போனால் வேறொரு சங்கடம். உள்ளே போகிறவர்கள் விரலை வைக்கிற மிஷின் இருக்கிறதே, அதில் இவனுக்குப் பதிந்திருந்தது எந்த விரல் என்று நினைக்கிறாய்? அந்த ஆள்காட்டி விரல்தான். போன விரல். எதை வைப்பது? இவன் கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு அந்த மிஷினையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். சார் ஒரே நிமிஷத்தில் ஆளைக் கூப்பிட்டு, இடது கைக் கட்டைவிரலைப் பதியச் சொல்லி, எல்லாம் சரி பண்ணிக் கொடுத்துவிட்டார். விரலை வைத்ததும் அது தேங்க்யூ என்றது. நானும் சாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்படியே தினமும் கார் வரும், போவான், ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், சாயந்திரம் வருவான். போர்டில் நம்பர் ஏறிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நாளில் கையில் சீழ் வைத்துவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரி. மோதிர விரலும் மடங்காமல் விறைத்துப் போனது. நம் நேரம், என்ன செய்வது. அதற்கும் கம்பெனிதான் பார்த்தது. கை ஆறினதும் பழையபடி ஷிஃப்ட்டில் போட்டுவிட்டார்கள்.

என் மகள் இருக்கிறாளே, ஜெசிந்தா, அவளுக்கு எதிலும் நொட்டை சொல்ல வேண்டும். போன் போட்டு என்னைப் பிடிபிடி என்று பிடிக்கிறாள்.

"ஏம்மா, ஆபரேஷன் பண்ணின மறுநாளே எந்த ஊர்லம்மா வேலைக்கு அனுப்புவாங்க?"

"வேலைக்கு இல்லடி, உட்காரத்தான்."

"உட்கார நம்ம வீட்டுல நாற்காலி இல்லையா?"

"ஏ.சி. இருக்குதா நம்ம வீட்டுல?"

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. அவன் ஒரு நாள் வேலைக்கு வரலைன்னா அது விபத்துன்னு கணக்குல வந்துரும். வந்தா போர்டை அழிக்கணும். அதுக்குத்தான் கார். பாசத்துக்கு இல்ல."

"உனக்கு மனுஷங்க மேல நம்பிக்கையே கிடையாதுடி."

"ஈ.எஸ்.ஐ.ல பதிஞ்சிருந்தா விரல் போனதுக்கு அவன் உசிரோட இருக்கற வரைக்கும் மாசாமாசம் பணம் வரும்மா. விபத்தே நடக்கலைன்னா எங்க இருந்து வரும்? உன் மோகனரங்கம் சார் தருவாரா?"

நான் போனை வைத்துவிட்டேன். நன்றி கெட்ட பேச்சு எனக்குப் பிடிக்காது. அவளுக்காகவும் அன்றைக்கு ஜெபித்தேன்.

இப்போது அந்தச் சென்னைக்காரி கதைக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த சமயம். மோகனரங்கம் சார் போன் போட்டார். கம்பெனி வருஷா வருஷம் ஒரு புத்தகம் போடுமாம். லாபக் கணக்கு இல்லை கண்ணு, வேறு. எவ்வளவு தண்ணீர் செலவழித்தோம், எவ்வளவு புகை விட்டோம், ஆட்களை எப்படி வைத்திருக்கிறோம், எத்தனை பேருக்கு அடிபட்டது என்று. நீடித்து நிற்கிற அறிக்கை என்றோ என்னவோ பெயர் சொன்னார். அதில் இருப்பதெல்லாம் நிஜம்தான் என்று வெளி ஆள் ஒருத்தர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஜெர்மனிக்காரன் நம்புவானாம். அந்தக் கையெழுத்துக்காக ஒரு பெண் வந்திருக்கிறாள், ஆட்களின் வீட்டாரோடு பேச வேண்டும் என்கிறாள், நீங்கள் பேசுங்கள் என்றார்.

"எனக்கு என்ன தெரியும் சார்?" என்றேன்.

"உங்களை மாதிரி நல்ல மனசோட பேசறவங்க காலனில வேற யாருங்கம்மா இருக்காங்க? மனசுல பட்டதைச் சொல்லுங்க, போதும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அத்தனை வீட்டில் என் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரே! வீட்டைக் கழுவி, மாதா படத்துக்குப் புதுப் பூ வைத்து, டிகிரி காபிக்குத் தனியாகப் பால் வாங்கி வைத்தேன்.

வந்தாள். சுடிதார், கண்ணாடி, தோளில் ஒரு பெரிய பை. பின்னாலேயே சாரும் வந்தார். "அம்மா, நான் கம்பெனி ஆள் இல்லை. அறிக்கையில் இருக்கிறது உண்மையான்னு தனியா நின்னு பார்த்துச் சொல்றவ" என்றாள். சொல்லிவிட்டு, சாரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளியில் இருக்க முடியுமா?" என்றாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எவ்வளவு பெரிய மனுஷர். என் வீட்டு முருங்கை மரத்தடியில் போய் நிற்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போய்விட்டது.

காபி கொடுத்தேன். வேண்டாமாம். "நாங்க எதுவும் வாங்கிக்கக் கூடாதும்மா. அது எங்க விதி" என்கிறாள். இது என்ன விதி கண்ணு? கழுத்தைப் பிடித்து ஊற்றவா முடியும்? ஒரு வாய் காபி குடிக்க மாட்டேன் என்றவள், என் வாயைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிடுங்கினாள் என்று கூடச் சொல்ல முடியாது. நானாகத்தான் கொட்டினேன். கம்பெனி நல்லதா என்று கேட்டாள். நல்லதா என்றா கேட்கிறாய், கேள் என்று ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியைச் சொன்னேன். காரைச் சொன்னேன். நம்ம பையன் என்று சார் சொன்னதைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டு, "அடுத்த நாளேவாம்மா?" என்றாள்.

"அடுத்த நாளே! ஒரு நாள் கூட விடலை. இதைக் கேளும்மா, மிஷின்ல பதிஞ்ச விரலே போயிருச்சு. வேற கம்பெனியா இருந்தா என்ன சொல்லுவான்? இவங்க என் பையனுக்காக மிஷின்லயே விரலை மாத்திக் குடுத்தாங்க!"

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

அப்புறம், "உங்க பையன் வீட்டில் இருக்காரா?" என்றாள். அன்றைக்கு அவனுக்கு இரவு ஷிஃப்ட். உள்ளே இருந்து வந்தான். கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டே நின்றான். இப்போதெல்லாம் அப்படித்தான் நிற்கிறான்.

"அன்னிக்குக் காலைல நீங்களா விருப்பப்பட்டுப் போனீங்களா?" என்று அவனிடம் கேட்டாள்.

இவன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"அம்மா எழுப்பி விட்டாங்க" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். நிஜத்தைத்தானே சொன்னான்? நான்தான் எழுப்பினேன். தாய் எழுப்பாமல் வேறு யார் எழுப்புவார்கள்? அதற்கு அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார். கண்ணு, அந்தப் பார்வையை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். திட்டுகிற பார்வை என்றால் பரவாயில்லை, பதிலுக்குத் திட்டிவிடலாம். திட்டவில்லை. பாவம் பார்க்கிற மாதிரியும் இருந்தது, பயந்துபோன மாதிரியும் இருந்தது. சர்ச்சு வாசலில் குழந்தையை வைத்துக்கொண்டு பிச்சை எடுப்பார்களே, அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு அந்தப் பொம்பளையை நிமிர்ந்து பார்ப்போமே, அந்த மாதிரி. என் வீட்டில், நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னை! என் பிள்ளைக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று அவள் அப்படிப் பார்க்க வேண்டும்? இவள் யார்? பெற்றாளா, வளர்த்தாளா? துண்டை வைத்துக்கொண்டு வாந்தி துடைத்தாளா?

அதைத்தான் இன்றைக்குக் கேட்கப் போகிறேன்.

இல்லை கண்ணு, தண்ணீர் வேண்டாம்.

அவள் நேரே கம்பெனிக்குப் போய் அந்த விரல் மாற்றின விவரத்தை எடுத்துக் காட்டு என்று நின்றிருக்கிறாள். எல்லாம் வெளியே வந்துவிட்டது. அறிக்கையில் அடிபட்டவர் ஒருத்தரும் இல்லை என்று போட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். கம்பெனிதான் இவர்களுக்குக் கூலி கொடுக்கிறதாம் கண்ணு! சாரே சொன்னார், "நாங்கதான் பீஸ் குடுக்கறோம். எங்க காசை வாங்கிட்டு எங்க மேலயே குத்தம் சொல்றா பாருங்க." உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. நான் சொன்னேன், அது நியாயம் இல்லைதான் சார் என்று.

மறுநாள் போர்டில் இருந்த நம்பரை எடுத்துவிட்டார்கள். வெறும் பலகை. காலனியில் எனக்குத் தலை காட்ட முடியவில்லை. குழாயடியில் சரசு எல்லார் முன்னாடியும் சொல்கிறாள்: "ஏனுங்க்கா, உங்க வாய்க்கு ஒரு விசில் போட்டிருந்தா எங்க வீட்டுக்கு ஒரு குக்கர் வந்திருக்குமில்லீங்க?" சிரிக்கிறார்கள். அவள் வீட்டுக்காரனுக்கும் முந்தின வருஷம் கால் விரல் நசுங்கி, அவனும் அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தவன்தான். அவளுக்கே குக்கர் கவலை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கினேன் பார், ஒரு பக்கம் நசுங்கிவிட்டது.

சொல்லி அனுப்புகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று கிளமெண்ட்டிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். யாரிடமும் பேச்சு இல்லை. இதெல்லாம் யாரால்? அந்தச் சம்யுக்தாவால். அவள் வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் இவன் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான். இல்லையா? நீயே சொல்.

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாய்?

சரி விடு. நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நேற்றுச் சாயந்திரம் மோகனரங்கம் சார் வீட்டுக்கு வந்தார். பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். காபி கொடுத்தேன், குடித்தார். குடித்துவிட்டுச் சொன்னார், இன்றைக்கு ஹோப் காலேஜ் பக்கத்தில் இருக்கிற பெரிய ஆபீஸில் கூட்டம், முதலாளி வருகிறார், அந்தப் பெண்ணும் அவளுக்கு மேலே இருக்கிற பெரியவரும் சென்னையிலிருந்து வருகிறார்கள், நீங்கள் வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும், கிளமெண்ட்டை ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலையில் நிரந்தரமாகப் போட்டுவிடுகிறோம் என்றார்.

"என்ன வார்த்தைங்க சார்?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. விரல் கம்பெனில போகலை. வீட்டுல மாவாட்டறப்ப கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிருங்க. வீட்டுல நடந்ததா இருந்தும் கம்பெனி பெரிய மனசு பண்ணிச் செலவு பண்ணுச்சுன்னு ஆயிரும். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

எனக்கு முதலில் புரியவே இல்லை கண்ணு.

"எங்க வீட்டுக் கிரைண்டர்லயா?" என்றேன்.

"ஆமாங்க. கோயமுத்தூர்ல யார் வீட்டுலதான் கிரைண்டர் இல்லை?"

"அது பொய்ச்சாட்சி இல்லீங்களா சார்? எங்க கட்டளையிலயே இருக்குதுங்களே."

அதற்கு அவர் சிரிக்கிறார். "உங்களுக்குத்தான் பாவசங்கீர்த்தனம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? சாமியார்கிட்டச் சொல்லிட்டா தீர்ந்துச்சு. எங்களுக்குத்தான் அந்த வசதி இல்லை."

வசதி! வசதி என்றார் கண்ணு! முழங்கால் தேய மண்டியிட்டு, நெஞ்சில் அறைந்துகொண்டு, ஆண்டவர் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு சொல்கிறோமே, அது இவருக்கு வசதி!

சரி, அதைக் கூட விட்டேன். அந்தக் கிரைண்டரை என்னால் விட முடியவில்லை. அவர் போன பிறகு சமையலறைக்குள் போய் அதன் முன்னாடியே நின்றேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் தறிக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கினது. பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போது, கிரைண்டர் ஓடினால் ரெண்டையும் வாசற்படிக்கு அந்தப் பக்கம்தான் உட்கார வைப்பேன். தாண்டி ஒரு கால் வைத்தால் கரண்டிக் காம்பால் ஒன்று போடுவேன். ஒயர் கொஞ்சம் தோல் உரிந்தது என்று மாற்றுகிற வரைக்கும் ஒரு வாரம் கடையில் மாவு வாங்கினேன். ஒரு வாரம்! கடை மாவு புளிக்கிறது என்று ரெண்டும் அழுகிறது, அழுதால் அழு என்று விட்டேன். அந்தக் கிரைண்டரில் என் பிள்ளை விரல் போனது என்று நான் என் வாயால் சொல்ல வேண்டுமா? லைட்டு கெட்டுப்போன மிஷினை மாதக்கணக்காக ஓட்டினது யார்? நானா? என் சமையலறையா?

அப்போ ஊரில் என்ன பேசுவார்கள்? பிள்ளையைக் கிரைண்டரில் கை விட விட்ட தாய் என்று பேச மாட்டார்களா? அந்தப் பெண்ணாவது ஒரு பார்வைதான் பார்த்தாள். இவர் அதை அறிக்கையில் அச்சடித்து ஜெர்மனிக்கே அனுப்பப் பார்க்கிறார்.

காலையில் கிளம்பும்போது கிளமெண்ட் வாசலில் நின்றான். "என்னம்மா சொல்லப் போறே?" என்றான்.

"நீ என்ன சொல்லச் சொல்றே சாமி?"

"நான் சொன்னா நீ கேட்டுருவியா?" என்றான்.

பார்த்தாயா பேச்சை? இப்படி எல்லாம் அவன் பேசினதே இல்லை. எல்லாம் அந்தச் சென்னைக்காரி கற்றுக்கொடுத்துவிட்டுப் போன பேச்சு. கார் அனுப்புகிறேன் என்று சார் சொன்னார், வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

இரு கண்ணு, போன் அடிக்கிறது. அவர்தான்.

"சொல்லுங்க சார்... ஆமாங்க, சித்ரா ஸ்டாப் தாண்டிட்டேனுங்க... ஞாபகம் இருக்குதுங்க... இல்லீங்க சார். இல்லீங்க. அதைச் சொல்ல மாட்டேனுங்க. என் கிரைண்டர் இத்தனை வருஷத்துல ஒருத்தர் நகத்தைக் கூடக் கீறினதில்லை... யார் மாத்திப் பேசச் சொன்னாங்கன்னா கேக்கறீங்க? எனக்கு யாருங்க சொல்லணும்? பிரஸ்ஸுல போச்சு சார். உங்க பிரஸ்ஸுல, லைட்டு எரியாத பிரஸ்ஸுல, வியாழக்கிழமை மத்தியானம். வாந்தி எடுத்துட்டு வந்தவன் கட்டைவிரலைப் புடிச்சு மிஷின்ல வெச்சது நீங்க... வேலையா? என்னங்க வேலை? வேலைக்கு வந்துதானுங்களே போச்சு விரல்! மீதி இருக்கறதையும் குடுக்கவா?"

வைத்துவிட்டார்.

ஏன் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்? கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேனோ? பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்க வேண்டுமே. கண்டக்டர் தம்பி, ஒன்றும் இல்லைப்பா, சண்டை இல்லை, நீ டிக்கெட்டைப் போடு.

இதனால் அந்தப் பெண்ணை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அவள் செய்தது செய்ததுதான். கேட்கிறதைக் கேட்காமல் விட மாட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த அறைக்குள் போய் உட்காரப் போகிறேன். முதலாளி இருப்பார். மோகனரங்கம் சார் இருப்பார். அவளுக்குச் சம்பளம் கொடுக்கிற சென்னைப் பெரியவர் இருப்பார், அவருக்குக் கூலி கொடுக்கிறவர்களும் எதிரிலேயே இருப்பார்கள். பிரஸ்ஸில்தான் போனது, விபத்து என்று எழுதுங்கள், ஈ.எஸ்.ஐ.யில் பதியுங்கள் என்று நான் சொல்வேன். சொல்லிவிட்டு அவள் முகத்தை மட்டும்தான் பார்ப்பேன். முருங்கை மரத்தடியில் சாரை நிறுத்திவிட்டு, ஒரு ஏழைப் பொம்பளையை அவள் வீட்டிலேயே அப்படிப் பார்க்க முடிந்ததல்லவா உன்னால்? இப்போது பார். அதே கண்ணால் அவர்களைப் பார் என்பேன்.

வருகிறேன் கண்ணு, ஹோப் காலேஜ் வந்துவிட்டது. அவள் மட்டும் காகிதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால், அவர்கள் பக்கம் நிமிர்கிற வரைக்கும் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.